இல்லை என்று சொல்ல வந்தவர்

முதன்முதலில் அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு அம்மாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். வெளிறிய பச்சை நூல் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். அதற்குக் கீழே முழங்கால்வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ். அடைப்பு எடுக்க யாரையாவது வரச்சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, "கீழ வாட்ச்மேன் இருப்பாரு, அவர்ட்ட கேளுங்க" என்றேன்.

"உங்களதான்மா பார்க்க வந்தேன். நடைபாதை போட்டுத் தாங்கன்னு கேட்டிருந்தீங்க இல்ல? நான் இந்த வார்டு கார்ப்பரேட்டர். அது இந்த வருஷம் இல்லை. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஓட்டுக் கேட்க மாடி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்து முடித்ததைச் சொல்லிக்கொள்ள பேண்டு வாத்தியத்தோடு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். செய்யப் போவதில்லை என்று சொல்வதற்காக மூன்று மாடி ஏறி வந்த ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன். அதுவும் எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் படுத்திருந்த நாளில்.

"என்னக்கா சொல்லுதிய? இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்திய? ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சுதே."

"நக்கோம்மா, ஃபோன் வேணாம். ஆமான்னா ஃபோன்ல சொல்லலாம். இல்லைன்னா மூஞ்சியப் பார்த்துத்தான் சொல்லணும்." பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "திட்டணும்னு இருந்தா திட்டிடுங்க. கேட்டுட்டுப் போறேன்."

சும்மா இருக்கிறவளைக் கூப்பிட்டுத் திட்டு என்றால் விடுவேனா! எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் ஐ.டி. வேலைக்காக எங்களைத் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பெயர்த்துக்கொண்டு வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவர்மேல் கொட்டினேன். நாங்கள் கட்டுகிற வரி, கொசு, நாய், பள்ளம், பள்ளிக்கூட வேனுக்காகப் பிள்ளைகள் நடுரோட்டில் நிற்பது, எல்லாம்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ரேடியோ கேட்பதுபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "தெருவெளக்க வுட்டுட்டீங்களே. அதுக்கும் சேர்த்துத் திட்டிடுங்க. அதுவும் இந்த வருஷம் இல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "உங்க ஊரு பாஷைல திட்டுனா பாட்டு மாதிரி கீதும்மா" என்று சொல்லி, பூட்ஸை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது நாங்கள் இதே ஊரில் குகட்பள்ளிக்குக் குடிவந்துவிட்டோம். இங்கே எதைக் கேட்டாலும் "ஐப்போதுந்தி" என்கிறார்கள். ஆகிவிடும், கவலையை விடு என்று அர்த்தம். இந்திக்காரர் என்றால் "ஹோ ஜாயேகா". சொல்கிறவர் முகத்தில் அவ்வளவு கனிவு இருக்கும், நமக்கே பாதி வேலை முடிந்துவிட்டதுபோல இருக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ரப்பர் பூட்ஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அவருடைய வார்டு லாலாகுடா ரயில்வே பணிமனைக்குப் பின்பக்கம் இருந்தது. ஒரு ஓரத்தில் எங்களைப்போல் புதிதாக வந்தவர்களின் அடுக்குமாடிகள். நடுவில், பணிமனை வேலைக்காக எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் பழைய தெரு. அவர் பிறந்து வளர்ந்தது அந்தத் தெருவில்தான். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்துக்காரர். அந்தத் தமிழில் தெலுங்கும் தக்கணி இந்தியும் கலந்து அவர் பேசுவது முதலில் எனக்குப் பாதிதான் புரியும். வார்டின் கடைசியில் நாலா. மழைத் தண்ணீர் போகிற பெரிய கால்வாய்க்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அதன் கரையை ஒட்டி ஒரு பஸ்தி. குடிசை பாதி, தகரக்கூரை பாதி.

அந்த மோர் குடித்த பழக்கத்தில் என்னை வார்டு கமிட்டியில் போட்டுவிட்டார். "திட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தர் வேணும்" என்றார். கமிட்டிக்கு அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்றுதான். எந்த வேலைக்கு முதலிடம் என்று கை தூக்கச் சொல்வார். கை தூக்கினவர்கள் எல்லாரும், அந்த முடிவால் எந்த வேலை நின்றுபோகிறதோ அதைக் கேட்டவர்கள் வீட்டுக்கு அவரோடு நடந்து போக வேண்டும். போய் அங்கே நின்று, அவர் இல்லை என்று சொல்லும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். கை தூக்கிவிட்டு நைசாக வீட்டுக்குப் போகிற கதையே கிடையாது.

எங்கள் கட்டிடத்தில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் பூங்காவில் நீரூற்று வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று பேசுவார். ஒருநாள் அக்கா, "சரி சார், வெச்சிடலாம். அதுக்கு அங்கன்வாடி கூரை வேலைய நிறுத்தணும். வாங்க, போயி டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்துடலாம்" என்று அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன், இதை விட முடியுமா! மேலாளரும் லேசுப்பட்டவர் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நீரூற்றின் நன்மைகளை நல்ல தெலுங்கில் விளக்கிச் சொல்லியே விட்டார். அங்கன்வாடி டீச்சர் இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்று முழுவதையும் கேட்டார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்! அந்தத் தெலுங்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. திரும்பி வந்து ஆட்டோ எங்கள் கேட்டில் நின்றதும் மேலாளர், "இந்த பவுண்டன்ல கொசுதான் மேடம் வளரும்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்பதை அவர் வாயாலேயே ஒருநாள் கேட்டேன். அந்தப் பழைய தெரு வழியாக நடந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் திறந்த சாக்கடை. அதைத் தாண்டி வீட்டுக்குள் போகக் கடப்பைக் கல் ஒன்று பாலமாகக் கிடக்கும். ஒரு வாசலில் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி நட்டிருந்தது.

"இது எங்க அண்ணன் வீடு" என்றார். "அந்தக் கம்பி அண்ணிக்கு."

அக்கா தேர்தலில் ஜெயித்த முதல் வருஷம். இந்தத் தெருவுக்குப் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் என்று பேச்சு வந்ததுமே, இங்கே எல்லாரும் செய்கிற மாதிரி பூஜை போட்டு, தேங்காய் உடைத்து வேலையைத் தொடங்கி வைத்துவிட்டார். தேங்காயை வாங்கி வந்து தங்கை கையில் கொடுத்தவர் அண்ணன்தான். பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. "என் தங்கச்சி ஒடைச்சுட்டா வேலை முடிஞ்ச மாதிரி" என்று வீடுவீடாகச் சொல்லி, குழாய் புதைக்க இடம் வேண்டுமே என்று எல்லார் வாசல் கல்லையும் பெயர்த்தெடுக்க வைத்தார். தன் வீட்டுக் கல்லைத்தான் முதலில் பெயர்த்தார்.

குழாய்க்கு அனுமதி வந்திருக்கவில்லை. வரும் என்று யாரோ சொன்ன வார்த்தையை நம்பி உடைத்த தேங்காய் அது. அந்த வருஷம் வரவே இல்லை. மழை வந்தது. கல் இல்லாத வாசலில் அண்ணி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எழுந்து நடமாடினார், ஆனால் அன்றிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடப்பு.

"அண்ணன் என்னை ஒரு வார்த்த சொல்லல. 'அடுத்த வருஷம் செஞ்சுடு'ன்னு மட்டும் சொன்னாரு. வேற எதுவுமே அவரு என்கிட்ட கேட்டதில்ல. நான் அன்னிக்கே அவர்கிட்ட திட்டு வாங்கிகினு போயிருந்தேன்னு வெச்சுக்க, இந்தப் பூட்ஸ் போட்டுகினு தெருத்தெருவா சுத்தியிருக்க மாட்டேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் தொடக்கத்தில் அவர் தேங்காய் உடைத்ததே இல்லை.

அடுத்த வருஷமும் தள்ளிப்போய், அதற்கு அடுத்த வருஷம் ஒருவழியாக அந்தத் தெருக் குழாய் பட்டியலில் ஏறியது. பஸ்திக்கு நாலா ஓரம் தடுப்புச்சுவர். எங்கள் பக்கத்துக்கு விளக்கும் நடைபாதையும். மூன்றும் ஒரே வருஷத்தில் வரப்போகிறது என்று நாங்கள் எல்லாரும் வாயெல்லாம் பல்லாக இருந்தபோது, வார்டுகளுக்குப் பாதி நிதிதான் என்று மேலிருந்து தகவல் வந்தது. அக்கா கூட்டம் கூட்டினார்.

மாநகராட்சிப் பொறியாளர் நல்ல யோசனை என்று நினைத்து ஒன்று சொன்னார். மூன்றையும் பாதிப் பாதி செய்துவிடலாம். பாதிச் சுவர், பாதிக் குழாய், பாதி விளக்கு. யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். நியாயமாகத்தானே தெரிகிறது?

அக்கா எழுந்து, "வாங்க" என்று எங்களை நாலாவுக்குக் கூட்டிப்போனார். கரையோடு நடந்து பஸ்தியின் நடுவில் ஒரு வீட்டு முன்னால் நின்றார். தகரக் கதவு. உள்ளே ஒரு பெண் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். போன மழையில் அந்த வரிசையில் ஒரு வீட்டின் சமையல்கட்டே கரையோடு சரிந்து நாலாவுக்குள் போயிருந்தது.

"பாதிச் சுவர்னா இங்கதான் முடியும். தண்ணி சுவரோரமாவே ஓடி வந்து, சுவர் முடிஞ்ச எடத்துல மொத்தமா உள்ள பூரும். இப்ப வர்றதவிட ஜாஸ்தியா வரும். இன்ஜினியர் சார், நெசமா இல்லையா?"

"நிஜம்தான் மேடம்."

"அப்ப இந்தப் பொண்ணுகிட்ட யாரு சொல்றீங்க? உன் வாசல்ல முடிக்கிறோம்னு?"

அந்தப் பெண் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தேநீர் வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டாள்.

அங்கேயே கை தூக்கச் சொன்னார். முழுச் சுவர். மற்ற இரண்டும் இந்த வருஷம் இல்லை. நான் தூக்கினேன், வங்கி மேலாளரும் தூக்கினார். கடைசியாக அக்கா தூக்கினார். தூக்கின கையை இறக்கியபோதுதான் எனக்கு உறைத்தது, இப்போது யார் வீட்டுக்கு நடக்க வேண்டும் என்று.

வழியில், "அக்கா, நீங்க தனியாப் போய் பதமாச் சொல்லிட்டு வாங்களேன், நாங்க எதுக்கு?" என்றேன்.

"கைக்கு? எதுக்கா? அண்ணன்னா சலுகையா?" என்றார். நடையைக் குறைக்கவில்லை.

அண்ணன் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் கும்பலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இன்னா எல்லாரும் வந்துகீறீங்க? குழாய்க்கு அளவு எடுக்கவா?" என்று எழுந்தார். உள்ளே திரும்பி, "தே, டீ போடு" என்று குரல் கொடுத்தார். அண்ணி காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கம்பியைப் பிடித்து நின்றார்.

அக்கா கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"அண்ணா, நம்ம தெருவுக்கு இந்த வருஷம் இல்லை."

அண்ணன் கையிலிருந்த செய்தித்தாளால் அண்ணியைக் காட்டினார். "உங்க அண்ணியப் பார்த்துச் சொல்லு" என்றார்.

அக்கா நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"அண்ணி, இந்த வருஷம் இல்லை. நாலா பக்கம் தண்ணி வந்தா வீடே போவுது. இங்க வந்தா வீடு நாறுது, அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றார் அண்ணன். "கால் போச்சே, அது?"

"திட்டுண்ணா. நிக்கிறேன்" என்றார் அக்கா. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்தத் திட்டுதான். வருஷக்கணக்காக அண்ணனிடமிருந்து வராத திட்டு. அண்ணன் அன்றும் திட்டவில்லை. செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு, அண்ணியை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெகுநேரம் நின்றோம். கதவு திறக்கவில்லை.

அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. அக்கா வீடும் அண்ணன் வீடும் எதிரெதிர் வாசல். தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்குத் தட்டு வரவில்லை. இவர் கொடுத்தனுப்பியது திரும்பி வந்தது. தெருவில் பாதிப்பேர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சொந்தத் தெருவுக்குச் செய்யாதவள் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் வீட்டு வாசலிலும் அதே சாக்கடைதான் ஓடியது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மனுஷி அதே பூட்ஸோடு அதே தெருவில் நடந்து போய் வந்துகொண்டிருந்தார். நானாக இருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். அந்த நெஞ்சுரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கோடையில் சுவர் எழும்பியது. பஸ்திப் பெண்கள் தொடக்கத்தில் தேங்காயோடு வந்தபோது வேண்டாம் என்றார். சுவர் முடிந்து மாலையும் தேங்காயுமாக வந்தபோதும் வேண்டாம் என்றார். "மழை வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் ஒடைக்கலாம்."

மழை வந்தது. சாயங்காலம் பிடித்தது, விடியும்வரை விடவில்லை. காலையில் தூறலாகக் குறைந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நாலாவுக்குப் போனேன். கை தூக்கினவள் இல்லையா, வீட்டில் இருக்க முடியவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில், சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, உறுமிக்கொண்டு போனது. பஸ்தி ஜனம் முழுக்கக் கரையில் நின்றது. அக்கா எப்போது வந்தாரோ, தலையிலிருந்து கால்வரை நனைந்து, பாதிச் சுவர் முடிந்திருக்கக்கூடிய அந்த வீட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தகரக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. அந்தப் பெண் அடுப்பில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா!" என்று அவர் கையைப் பிடித்தேன்.

அப்போது அவர் ஃபோன் அடித்தது. பழைய தெருவிலிருந்து. முழங்காலுக்கு மேல் சாக்கடைத் தண்ணீர், வீடுகளுக்குள் எல்லாம் வந்துவிட்டது என்று யாரோ கத்துவது எனக்கே கேட்டது. "ஹவ், ஆமா, தெரியும். வரேன்" என்று சொல்லி வைத்தார்.

கிளம்பத் திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார். கரையோடு அவருடைய அண்ணன் வந்துகொண்டிருந்தார். லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்தார். தொடைவரை சாக்கடைச் சேறு. கையில் ஒரு துணிப்பை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. சுவரருகே போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு திரும்பி அந்தத் தகர வீட்டையும் அடுப்பையும் பார்த்தார்.

"இங்க ஒரு சொட்டு வரல" என்றார்.

"இல்லண்ணா."

"நம்ம வீட்ல கட்டில் மேல ஏத்தி வெச்சிருக்கேன் உங்க அண்ணிய."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் பைக்குள் கை விட்டு ஒரு தேங்காயை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார். நார் உரித்து, மஞ்சள் தடவியிருந்தது.

அக்கா அதை வாங்கவில்லை. அந்த நேரத்திலும் அவர் வழக்கம் அவரை விடவில்லை. நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்து, "அண்ணா, நம்ம தெருவுக்கு வரப்போற வருஷமும் வருமான்னு தெரியாது. இப்ப வரைக்கும் இல்லைதான்" என்றார்.

"தெரியும்டி" என்றார் அண்ணன். "ஒடை."

அக்கா அதை வாங்கிச் சுவரின் அடிக்கல்லில் ஓங்கி ஒரே அடி அடித்தார். சரிபாதியாகப் பிளந்தது. அண்ணன் குனிந்து ஒரு மூடியை எடுத்துத் துடைத்து, "இது உங்க அண்ணிக்கு" என்று பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியே சேற்றில் நடந்தார். அக்கா பூட்ஸைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னாலேயே போனார்.